உணர்விழந்த கையைக் காப்போம்

"நரம்பு" என்ற சொல்லை எமது பேச்சில் மூன்று பொருள்களுக்குப் பயன்படுத்தி வருகின்றோம். புறங்கையில் நீலமாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கின்றோம். விரலை மடக்கும்போது மணிக்கட்டில் கயிறுபோல எழும்புவதையும் நரம்பு என்கின்றோம். முதலாவது, இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுசெல்லும் நாளம். இரண்டாவது, தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண். உண்மையான நரம்போ தோலின் கீழே, வெளியே தெரியாமல், வெண்ணிற நூலாக ஓடுகின்றது. மூளையின் கட்டளையைத் தசைக்குக் கொண்டுசெல்வதும், விரல் நுனி தொட்டறிந்ததை மூளைக்குச் சொல்வதும் அதுவே.

இந்தச் சொற்குழப்பம் சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் "நரம்பு வெட்டுப்பட்டது, தைத்துவிட்டார்கள்" என்று வீட்டுக்கு வரும் ஒருவருக்குத் தைக்கப்பட்டது தோலா, தசைநாணா, நரம்பா என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. தோல் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். தையல் வெட்டியதும் எல்லாம் சுகம் என்று வீட்டார் நினைத்துவிடுவார்கள். சில மாதங்களின் பின்னர் மண்வெட்டியைப் பிடித்தால் பிடி நிற்காது. தேத்தண்ணீர்க் கோப்பை சுட்டது தெரியாது. உள்ளங்கைச் சதை வற்றியிருக்கும். அப்போது வைத்தியசாலைக்குப் போனால், "ஏன் இவ்வளவு காலம் தாமதித்தீர்கள்?" என்ற கேள்வியே முதலில் வரும்.

கமக்காரக் குடும்பத்துக்கு இரண்டு கைகளே முதல். காணி, கிணறு, மாடு, நீர் இறைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் விட்டு எழும்பியவர்களுக்குக் கூடவே கொண்டுவர முடிந்த தொழிற்கருவி அது ஒன்றுதான். ஆகவே கையின் நரம்புக் காயத்தை முதல் நாளிலேயே எவ்வாறு கண்டுகொள்வது, அதில் காலம் ஏன் இவ்வளவு முக்கியம், காத்திருக்கும் மாதங்களில் வீட்டில் என்ன செய்வது என்பவற்றை இங்கு நோக்குவோம்.

கைக்கு வரும் நரம்புகள்

கழுத்தின் முள்ளந்தண்டிலிருந்து 5 நரம்பு வேர்கள் கைக்கெனப் புறப்படுகின்றன. அவை கழுத்தின் பக்கத்தில் ஒன்றோடொன்று பின்னி, காறை எலும்பின் பின்னால் கமக்கட்டுக்குள் இறங்கி, அங்கே 5 பெரிய நரம்புகளாகப் பிரிகின்றன. குளத்து நீர் வயலுக்குப் போவதைப்போல இதனை விளங்கிக்கொள்ளலாம். துருசடியில் அடைப்பு ஏற்பட்டால் எல்லா வயலும் காயும். கிளை வாய்க்காலில் அடைப்பு ஏற்பட்டால் ஒரு வயல் மட்டுமே காயும். அதுபோலவே, எந்த வேலை நின்றுபோயிற்று என்று பார்த்தால் எந்த நரம்பு எங்கே பழுதாயிற்று என்று சொல்லிவிடலாம்.

ஐந்தில் ஒன்று கையைப் பக்கவாட்டில் உயர்த்துகின்றது. இன்னொன்று முழங்கையை மடக்குகின்றது. மற்றைய மூன்றும் கைவிரல்கள் வரை போகின்றன. வைத்தியர்கள் அட்டையில் எழுதும் பெயர்களாலேயே அவற்றை அறிந்திருப்பது நல்லது.

றேடியல் நரம்பு மேற்கை எலும்பின் பின்புறத்தைச் சுற்றிக்கொண்டு இறங்குகின்றது. மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்துவது இதன் வேலை. இது பழுதானால் மணிக்கட்டு வாடிய தண்டுபோலத் தொங்கிவிடும்.

மீடியன் நரம்பு முன்கையின் நடுவால் வந்து மணிக்கட்டின் மத்தியால் உள்ளங்கைக்குள் நுழைகின்றது. பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவருவதும், பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றின் உணர்வும் இதனைச் சார்ந்தவை. அரிசியில் கல் பொறுக்குவதும் ஊசியில் நூல் கோர்ப்பதும் இந்த நரம்பின் தயவால்தான்.

அல்னர் நரம்பு முழங்கையின் உட்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் ஓடுகின்றது. அவ்விடம் இடிபட்டால் சின்னவிரல் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல இருப்பதை எல்லோரும் அறிவோம். விரல்களை அகட்டுவதும் சேர்ப்பதும் இதன் வேலை. கைப்பிடியின் பலமும் பெருமளவு இதில் தங்கியுள்ளது. இது பழுதானால் சின்னவிரலும் மோதிரவிரலும் பறவை நகம்போல வளைந்துவிடும்.

முதல் நாளிலேயே கையைக் கேளுங்கள்

வெட்டு, முறிவு, விழுகை, வெடி எதுவானாலும், கையில் காயம்பட்டவரிடம் பின்வருவனவற்றைச் செய்யச் சொல்லுங்கள். முறிந்த எலும்பை அசைக்கவேண்டாம். விரல்களை மட்டும் கேட்டால் போதும். ஒவ்வொன்றையும் நல்ல கையோடு ஒப்பிடுங்கள்.

1. வாகனத்தை நிறுத்தச் சொல்வதுபோல மணிக்கட்டையும் விரல்களையும் மேலே நிமிர்த்துதல். மணிக்கட்டு முறிந்திருந்தால் பெருவிரலை மட்டும் நிமிர்த்தினால் போதும். முடிந்தால் றேடியல் நரம்பு வேலை செய்கின்றது.

2. பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் தொட்டு வட்டமான வளையம் அமைத்தல். முடிந்தால் மீடியன் நரம்பு வேலை செய்கின்றது.

3. விரல்களை அகல விரித்துப் பின் சேர்த்தல், இரண்டு விரல்களுக்கிடையில் ஒரு கடதாசியை இறுகப் பிடித்தல். முடிந்தால் அல்னர் நரம்பு வேலை செய்கின்றது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கத்துக்கும் இடையில் கடதாசியைக் கொடுத்து இழுத்தும் பார்க்கலாம். அல்னர் நரம்பு பழுதானவர் பெருவிரலின் நுனி மூட்டை மடக்கியே அதைப் பிடித்துக்கொள்வார். பிரெஞ்சு வைத்தியர் புரொமெண்ட் 1915 இல் எடுத்துக்காட்டிய இந்த அடையாளத்துக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகின்றது.

4. கண்ணை மூடச் செய்து ஒரு ஈர்க்கு நுனியால் மூன்று இடங்களை மெதுவாகத் தொடுதல். சுட்டுவிரல் நுனி மீடியனுக்கு, சின்னவிரல் நுனி அல்னருக்கு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட புறங்கைத் தோல் றேடியலுக்கு உரியவை.

சொல்லத் தெரியாத சிறு பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. திறந்த காயமோ கட்டோ இல்லாவிடில், இரு கைகளையும் வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் வைத்திருங்கள். நல்ல விரல் நுனிகள் சுருங்கும். நரம்பு அறுந்த விரலின் தோல் சுருங்காது வழவழப்பாகவே இருக்கும். நீரின் சூட்டை முதலில் உங்கள் கையால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டுக் காயத்தைத் தைப்பதற்கு முன் விறைப்பு ஊசி போடுவார்கள். அதன் பின் எந்த விரலும் உணராது. ஆகவே "சின்னவிரல் விறைக்கின்றது", "பெருவிரல் வரவில்லை" என்பதை ஊசிக்கு முன்னரே சொல்லிவிடவேண்டும். கண்ணாடியோ கத்தியோ மணிக்கட்டின் உட்புறத்தில் பட்ட காயம் அரை அங்குலமே இருந்தாலும் அதைச் சிறிது என்று எண்ணாதீர்கள். மீடியனும் அல்னரும் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன.

பழுதின் மூன்று தரங்கள்

இரண்டாம் உலகப் போரில் காயப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த ஆங்கில அறுவை வைத்தியர் ஹேர்பட் செடன், நரம்புப் பழுதை 1943 இல் மூன்று தரங்களாக வகுத்தார். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் குழாயையும் மின்கம்பியையும் மனதில் வைத்தால் இவை எளிதில் விளங்கும்.

முதலாவது, குழாயை மிதித்ததுபோல. நரம்பு நசிந்திருக்கின்றது, அறுபடவில்லை. கையைத் தலையணையாக வைத்துத் தூங்கியவருக்கு ஏற்படுவது இதுவே. சில நாள்களிலோ சில கிழமைகளிலோ தானாகச் சுகமாகும்.

இரண்டாவது, உறை முழுதாக இருக்க உள்ளே கம்பி இழைகள் அறுந்ததுபோல. அறுந்த இழைகள் பழைய உறையின் வழியே மீண்டும் வளர்ந்து செல்லும்.

மூன்றாவது, உறையும் இழையும் சேர்ந்து துண்டாகிப் போதல். இரு முனைகளும் விலகிவிடும். அறுவை வைத்தியர் தைத்தாலன்றி, அல்லது வேறு இடத்து நரம்பை எடுத்து இடையில் ஒட்டினாலன்றி இது சேராது. கூரிய வெட்டாயின் முதல் சில நாள்களுக்குள் தைப்பதே சிறந்தது.

வளரும் நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வளரும். மாதத்துக்கு ஓர் அங்குலம் என்று கொள்ளலாம். மணிக்கட்டில் தைத்த நரம்பு விரல் நுனியை அடைய 6 மாதம் செல்லும். கமக்கட்டில் அறுந்தது கைத்தசைகளை அடைய ஒன்றரை வருடத்துக்கும் மேலாகும். ஆனால் நரம்பின்றி 12 முதல் 18 மாதம் இருந்த தசை வற்றி, பின்னர் நரம்பு வந்தாலும் எழும்பாது. அதாவது வளரும் நரம்பும் வற்றும் தசையும் ஓட்டப் போட்டியில் இருக்கின்றன. நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் நரம்புக்கு ஓர் அங்குல நட்டம்.

நரம்பு வளர்கின்றதா என்பதை அறியவும் ஒரு வழி உண்டு. காயத்தின் கீழே நரம்பு ஓடும் வழியில் விரலால் மெதுவாகத் தட்டினால், வளர்ந்த முனை வந்திருக்கும் இடத்தில் எறும்பு ஊர்வதுபோன்ற உணர்வு எழும். மாதந்தோறும் அவ்விடம் கீழே நகர்ந்தால் நல்ல அறிகுறி. ஒரே இடத்தில் நின்றுவிட்டால் வைத்தியருக்குச் சொல்லவேண்டும். முதலாம் உலகப் போரில் எதிரெதிர் அணிகளில் நின்ற நாடுகளைச் சேர்ந்த இருவர், ஜேர்மனியரான ஹொப்மனும் பிரெஞ்சுக்காரரான ரினெலும், 1915 என்ற ஒரே ஆண்டில் இதனைத் தனித்தனியே எழுதி வைத்தார்கள்.

எங்கே, எதனால்

கழுத்தும் தோளும்: மோட்டார் சைக்கிளிலிருந்து தூக்கி எறியப்படுபவரின் தோள் தரையில் மோதித் தலை மறுபக்கம் போகும்போது மேல் வேர்கள் இழுபடுகின்றன. விரல்கள் அசையும், ஆனால் தோளும் முழங்கையும் வராது. பனையிலோ மாவிலோ இருந்து விழும்போது ஒரு கிளையை எட்டிப் பிடித்துத் தொங்கியவருக்குக் கீழ் வேர்கள் இழுபடுகின்றன. அவருக்குத் தோள் வரும், கை வராது. கடினமான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கினாலும் இதே நரம்புகள் இழுபடலாம். ஒரு கையை அசைக்காத பச்சிளங் குழந்தையை உடனே காட்டுங்கள். இவ்வகைக் காயங்களுக்கு அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் 3 முதல் 6 மாதத்துக்குள் செய்வதே பயன் தரும்.

கமக்கட்டு: மிதிவெடியால் காலை இழந்து ஊன்றுகோலில் நடப்பவர்கள் இதனைக் கவனிக்கவேண்டும். பாரம் முழுவதையும் கமக்கட்டில் போட்டு நடந்தால் றேடியல் நரம்பு நசிந்து மணிக்கட்டு தொங்கும். ஊன்றுகோலின் மேல்முனைக்கும் கமக்கட்டுக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி இருக்கவேண்டும். பாரம் உள்ளங்கையிலேயே தங்கவேண்டும்.

மேற்கை: மேற்கை எலும்பின் நடுப்பகுதி முறிந்த 100 பேரில் ஏறத்தாழ 12 பேருக்கு றேடியல் நரம்பும் பழுதாகின்றது. இவர்களுள் பெரும்பாலானோருக்கு அது சில மாதங்களில் தானாகத் திரும்புகின்றது. ஆகவே வைத்தியர் "பொறுத்துப் பார்ப்போம்" என்று சொன்னால் அது கைவிட்டதாகாது.

எறிகணைச் சிதறல்: போர் 2009 இல் முடிந்தபோதும் அதன் துண்டுகள் பலருடைய கைகளில் இன்னும் இருக்கின்றன. சிதறல் நரம்பின் அருகால் சென்ற அதிர்ச்சியே அதை முடக்கப் போதும். அறுபட்டிருக்கவேண்டிய அவசியமில்லை. சிலருக்குக் காயம் ஆறிய பின்னரும் நெருப்புப் பட்டதுபோன்ற எரிவு நீங்குவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயப்பட்டவர்களைப் பராமரித்த வைத்தியர் வெயர் மிற்செல், 1864 இல் வெளிவந்த நூலில் இவ்வெரிவை விவரித்தார். கையை ஈரத்துணியால் சுற்றிக்கொண்டே இருந்த போர்வீரர்களை அவர் கண்டார். இது மனப்பிரமையோ நடிப்போ அன்று. இதற்கு மருந்தும் பயிற்சியும் உண்டு.

இறுக்கிய கட்டு

பிள்ளைகள் மரத்திலிருந்து கையூன்றி விழுந்தால் முழங்கைக்குச் சற்று மேலே எலும்பு முறிவது வழக்கம். நரம்பும் நாடியும் அந்த முறிவை ஒட்டியே செல்கின்றன. வீக்கம் ஏறும்போது கட்டு இறுக்கமாயிருந்தால் முன்கைத் தசைகளுக்கு இரத்தம் போகாது. ஏறத்தாழ 6 மணி நேரத்தில் தசையும் நரம்பும் மீளமுடியாதவாறு கெடத் தொடங்கும். பின்னர் விரல்கள் மடங்கியபடியே இறுகிவிடும். ஜேர்மன் அறுவை வைத்தியர் வொல்க்மன் 1881 இல் விவரித்த இந்த ஊனத்தை நாம் எமது கிராமங்களிலும் கண்டிருக்கின்றோம்.

எமது முறிவு நெரிவு வைத்தியர்களின் கைத்திறனை நாம் மதிக்கின்றோம். ஆனால் யார் போட்ட கட்டாயினும், வைத்தியசாலையில் போட்ட பிளாஸ்ரராயினும், விரல் நுனிகள் வெளியே தெரியவேண்டும். வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரலை நாம் நீட்டிவிடும்போது பிள்ளை துடித்தால், விரல்கள் வெளிறினால், குளிர்ந்தால், விறைத்தால், விடியும் வரை காத்திருக்காதீர்கள். கட்டைத் துணி வரை முழுவதும் அவிழ்த்துவிட்டு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். பிளாஸ்ரராயின் அதனை வெட்டச் சொல்லுங்கள். வாகனம் இல்லாவிடில் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

காத்திருக்கும் மாதங்கள்

நரம்பு வளரும்வரை வீட்டில் செய்யவேண்டிய வேலை நிறைய உண்டு. நரம்பு திரும்பி வரும் நாளில் மூட்டுகள் இறுகிப் போயிருந்தால் வந்தும் பயனில்லை. ஆகவே நல்ல கையால் பழுதான கையின் ஒவ்வொரு விரலையும், மணிக்கட்டையும், முழங்கையையும் முழுமையாக மடக்கி நீட்டுங்கள். ஒவ்வொன்றும் 10 தடவை, நாளுக்கு மூன்று நான்கு வேளை. நரம்பு அல்லது தசைநாண் தைத்தவர்கள் மட்டும் வைத்தியர் அனுமதித்த பின்னரே இதனைத் தொடங்கவேண்டும். மணிக்கட்டு தொங்குபவருக்கு அதனை நிமிர்த்தி வைக்கும் தாங்கு மட்டை ஒன்றை இயன்மருத்துவப் பிரிவில் செய்து தருவார்கள்.

எண்ணெய் பூசி மெதுவாகத் தடவுவதால் தோல் காயாமல் இருக்கும். ஆனால் எந்த எண்ணெயும் அறுந்த நரம்பைச் சேர்க்காது. சூடான ஒத்தடம் உணர்வற்ற கைக்கு ஆபத்தானது. கொப்புளம் எழும்பிய பின்னரே சுட்டது தெரியவரும்.

உணர்வற்ற கைக்குக் கண்ணே காவல். கொல்லிமலையில் 1914 இல் பிறந்து வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அறுவை வைத்தியர் போல் பிராண்ட் இதனை உலகுக்கு உணர்த்தினார். தொழுநோயாளரின் விரல்கள் நோயால் தாமாகவே உதிர்வதாக அக்காலத்தில் நம்பினார்கள். வலி தெரியாமையால் சுட்டும் வெட்டியும் அழுத்தியும் ஏற்படும் காயங்களே விரல்களைத் தேய்க்கின்றன என்பதை அவர் கண்டறிந்தார். இரவில் உறங்கும்போது எலி கடித்தது தெரியாமல் விரல் இழந்தவர்களும் இருந்தபடியால், வீடு செல்லும் நோயாளரிடம் ஒரு பூனையையும் கொடுத்தனுப்பினார்.

எமது வீடுகளில் செய்யக்கூடியவை இவை. அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும்போது துணி பிடியுங்கள். மண்வெட்டிப் பிடிக்குத் துணியோ ரயர்ரியூப்போ சுற்றுங்கள். உணர்வற்ற விரல்களுக்கிடையில் பீடி பிடிக்கவேண்டாம். இரவு படுக்குமுன் விளக்கொளியில் முள், கொப்புளம், சிவப்பு இருக்கின்றதா என்று கையைப் பாருங்கள். கண்பார்வை குறைந்தவருக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும்.

நரம்பு திரும்பாது என்று உறுதியான பின்னரும் வழி அடைபடுவதில்லை. வேலை செய்யும் ஒரு தசையின் நாணை எடுத்து, வேலையிழந்த தசையின் இடத்தில் பொருத்தி மணிக்கட்டை நிமிர்த்தவும், வளைந்த விரலை நீட்டவும் முடியும். பிராண்ட் வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்குச் செய்தது இதுவே. மூட்டுகள் இறுகாமல் இருந்தாற்றான் இந்தச் சிகிச்சையும் கைகொடுக்கும்.

காயமின்றி வரும் விறைப்பு

இரவில் பெருவிரல் முதல் நடுவிரல் வரை விறைத்துக் குத்தி எழுப்பி, கையை உதறினால் தணிகின்றதா? மணிக்கட்டில் ஒடுங்கிய வழி ஒன்றின் ஊடாக மீடியன் நரம்பும் 9 தசைநாண்களும் செல்கின்றன. அங்கே வீக்கம் ஏற்பட்டால் நரம்பு நசியும். கர்ப்பிணிகளுக்கும், நீரிழிவு, தைரொயிட் நோய் உள்ளவர்களுக்கும், கையை ஓயாது மடக்கி வேலை செய்பவர்களுக்கும், அதிரும் இயந்திரத்தை நாள் முழுவதும் பிடிப்பவர்களுக்கும் இது வருவதுண்டு. இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் மட்டையே பலருக்குப் போதும். பெருவிரலின் அடிச்சதை வற்றத் தொடங்கினால் சிறிய அறுவைச் சிகிச்சை தேவைப்படும்.

தோலில் உணர்வற்ற வெளிறிய தழும்பும், சின்னவிரல் விறைப்பும், முழங்கையின் உட்புறத்தில் தடித்த நரம்பும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்கவேண்டும். இலங்கையில் இன்றும் ஆண்டுதோறும் புதிய நோயாளர்கள் கண்டறியப்படுகின்றார்கள். மருந்து இலவசம். 6 முதல் 12 மாதத்தில் முற்றாகச் சுகமாகும். வெட்கத்தால் மறைத்த மாதங்களிலேயே கை ஊனமாகின்றது.

கொப்பியும் திகதியும்

அடிக்கடி இடம் மாறிய குடும்பங்களுக்கு இன்னுமொரு நட்டம் உண்டு. ஒரு வைத்தியசாலையில் தொடங்கிய சிகிச்சை அடுத்த ஊரில் அறுந்துவிடுகின்றது. நரம்புக் காயத்தில் எல்லா முடிவும் "காயம்பட்டு எத்தனை மாதம்?" என்ற கணக்கிலேயே தங்கியுள்ளது. ஆகவே ஒரு கொப்பியில் காயம்பட்ட திகதி, எந்த விரல் அன்று வரவில்லை, எங்கே விறைத்தது, என்ன தைத்தார்கள் என்பவற்றை எழுதி, கிளினிக் அட்டையோடும் அடையாள அட்டையோடும் ஒரே பையில் வையுங்கள். மாதம் ஒருமுறை மேற்கூறிய நான்கு சோதனைகளையும் செய்து விளைவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

வைத்தியரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காது கேளுங்கள். எந்த நரம்பு? நசிந்ததா, அறுந்ததா? மூன்று மாதத்தில் முன்னேற்றம் இல்லாவிடில் யாரிடம் போகவேண்டும்? நரம்பில் மின்சாரம் செலுத்திப் பார்க்கும் பரிசோதனை காயம்பட்டு மூன்று கிழமையின் பின்னரே தெளிவான விடை தரும். அதற்கான கடிதத்தைக் கேட்டுப் பெறுங்கள். மன்னார், வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைகளிலிருந்தும் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலிருந்தும் தேவையான இடத்துக்கு அனுப்பிவைப்பார்கள். பஸ் காசுக்கு வழியில்லை என்று கிளினிக் நாளைத் தவறவிடுபவர்களை நாம் அறிவோம். கமக்கார அமைப்புகளும் மாதர் சங்கங்களும் தமது சேமிப்பிலிருந்து இதற்கென ஒரு சிறு தொகையை ஒதுக்கலாம். ஒரு கையைக் காப்பது ஒரு குடும்பத்தின் போகத்தைக் காப்பதாகும்.

அடுத்த கூட்டத்தில் இந்த நான்கு சோதனைகளையும் எல்லோரும் ஒருமுறை செய்து பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். வயது முதிர்ந்தவர்களுள் ஒருவரேனும், "எனக்கு இந்த விரல் பல காலமாக விறைப்புத்தான்" என்று அப்போது சொல்லக்கூடும். அவரைக் கிளினிக்குக்கு அழைத்துச் செல்வதிலிருந்து தொடங்குங்கள்.